தகட்டில் ஒரு கொசு

செப்புத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு உமாமகேஸ்வரி சிங்கப்பூரின் ஆங் மோ கியோவிலிருந்து பேருந்து ஏறினாள். ரக்‌ஷனா போனபிறகு அச்சுக்கூடத்துக்கு அவள் வருவது இதுவே முதல் தடவை.

பகலில் சிராங்கூன் ரோட்டில் புடவைக் கடை வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அச்சுக்கலை. தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்து, மை ஏற்றிக் காகிதத்தில் எடுப்பாள். வீட்டு நடைபாதைப் பூந்தொட்டிகளுக்கு வரும் தேன்சிட்டும் தும்பியும் பொன்வண்டும்தான் அவள் உலகம். அவள் உலகத்துக்குள் இன்னொரு உலகமாக மகள் ரக்‌ஷனா இருந்தாள்.

மகள் இருந்தபோது ஒருநாள், தேன்சிட்டின் கூட்டை வரைந்த தகட்டை அமிலத்திலிருந்து எடுத்துக் கழுவியபோதுதான் கவனித்தாள். கூட்டுக்குக் கீழே ஒரு கொசு! அது அவள் கீறியதல்ல.

"யாருடி இந்த வேலைய பார்த்தது?"

"உன் படத்துல எல்லாப் பூச்சியும் இருக்கும்மா. கொசு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஃபேர் இல்ல லா."

"கொசுக்கு ஆறு காலுடி. உன்னுதுல நாலுதான் இருக்கு."

"மிச்ச ரெண்டும் உன் முதுகுக்குப் பின்னால இருக்கு, பாரு!"

திட்டினாள். ஆனால் அழிக்க மனம் வரவில்லை.

அந்தத் தகட்டில் எடுத்த படங்கள் மொத்தமும் ஒரு ஹோட்டலுக்கு விலையாகிப் போயின. "எனக்கு ஒன்னு வைம்மா" என்று மகள் கேட்டாள். "உனக்கு இல்லாததா? வேற வரைஞ்சு தர்றேன்" என்றாள் தாய். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு படமும் எடுக்கக்கூடாது என்பது அச்சுக்காரர்களின் மரபு. அந்த நாணயத்துக்காக, இனி அதில் நல்ல படம் விழாதபடி, அன்றே தகட்டின் குறுக்கே கூரிய உளியால் ஆழமாக ஒரு கோடு இழுத்துவிட்டாள், தன் கையாலேயே!

மழைக்காலத்தில் ரக்‌ஷனாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கி என்றார்கள். மருத்துவமனைக்கு நடந்து போன பெண் நடந்து திரும்பவில்லை. எந்தப் பூச்சிக்குப் படத்தில் இடம் கேட்டாளோ, அந்தப் பூச்சியே அவளைக் கொண்டுபோயிற்று. தெய்வத்துக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா?

உமா ஹோட்டலுக்கு ஓடினாள். ஹோட்டலைப் புதுப்பித்துச் சுவரெல்லாம் கண்ணாடி ஆக்கியிருந்தார்கள். பழைய படங்களை எங்கே போட்டார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அச்சுக்கூடத்தில், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சேவியர் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கோட்ட சுரண்டி எடுத்துடலாமாண்ணே?"

"கோடு கொசு மேலதாம்மா போகுது. சுரண்டுனா அதுவும் சேர்ந்து போயிடும்."

"அப்ப இப்படியே எடுங்க. அவ கை பட்டது எனக்கு வேற எதுவும் இல்ல. போன்ல இருக்கிற சிரிப்பு போதலண்ணே."

இருவருமாக மை தடவினார்கள், துடைத்தார்கள், நனைத்த தாளை மேலே விரித்தார்கள். உருளை தகட்டின் மேல் உருண்டு நின்றது. உமா தாளை மெல்ல உரித்தாள்.

தேன்சிட்டு இருந்தது, கூடும் இருந்தது. ஆழமான கோடுதான் அதிகம் மை குடிக்கும். அவள் போட்ட கோடு கருநாகம்போல் தாளை வெட்டிக்கொண்டு கிடந்தது. கொசுவின் இறக்கையும் உடலும் அதற்குள் புதைந்துவிட்டன. ஒரே ஒரு கால் மட்டும், மயிரிழைபோல், கோட்டுக்கு வெளியே நீண்டிருந்தது.

"ரக்‌ஷி..."

ஈர மையைத் தொடாதே என்று புதிதாக வருபவர்களுக்கெல்லாம் சொல்பவள், தன்னை மறந்து விரலை வைத்துவிட்டாள். விரலை எடுத்தபோது கால் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் மட்டுமே இருந்தது.

"ஐயோ, உமா! சரி விடும்மா, இன்னொன்னு எடுத்துடலாம்."

அவள் மை படிந்த விரலை மற்றக் கையால் பொத்தி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம்ணே. மறுபடியும் அந்தக் கோட்டப் பார்க்க என்னால முடியாது."

கையைக் கழுவாமலே அவள் பேருந்து ஏறினாள்.