ஏறாவூர் ஹாஜியார் வீட்டு வைஃபை

1. மறுபடியும் அதே வீடு

காலையில் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் சுப்பர்வைசர் போன் எடுத்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. அவருக்கு என் மூத்த மகனின் வயது. மரியாதையான பிள்ளைதான், ஆனால் அவர் தலையிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

"அண்ணே, அந்த ஏறாவூர் ஹாஜியார் வீட்டு முறைப்பாடு மறுகாவும் வந்திருக்கு. லைன் கட் ஆகுதாம். எத்தின தரம் அண்ணே போறது? மேல இருந்து எனக்குத்தான் ஏச்சு."

"போறன்" என்றேன். வேறென்ன சொல்வது?

செம்புக் கம்பிக் காலத்தில் டெலிபோன் தூண் ஏறி இந்த வேலையைத் தொடங்கியவன் நான். இப்போது ஃபைபர். தூண் ஏறுவது குறைந்துவிட்டது, ஆனால் ஆரையம்பதியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு நாளும் வாவியைச் சுற்றி ஓடுவது குறையவில்லை. முழங்கால் இரண்டும் என்னிடம் கேட்காமலே ஓய்வு எடுத்துவிட்டன. வெயில் கொளுத்தும் நாட்களில், ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவதைப்போல அலுப்பு இந்தத் தொழிலில் வேறில்லை. புதிய வீடென்றால் புதிய பழுது இருக்கும். பழைய வீட்டுக்குப் போனால், போன முறை நீ ஒன்றும் திருத்தவில்லை என்று சுவரே சொல்லும்.

அந்த வீட்டில் நான் செய்யாதது ஒன்றுமில்லை. ஃபைபர் முனையைத் துடைத்தேன். பவர் அடப்டரை மாற்றினேன். அயல்வீடுகளின் வைஃபை இடிக்கிறதோ என்று சேனலை மாற்றினேன். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த ரவுட்டரை எடுத்துச் சுவரில் உயர மாட்டினேன். ஒவ்வொரு முறையும் பச்சை லைட் எல்லாம் ஒழுங்காக எரிந்தது. சிக்னல் அருமை. ஹாஜியார் தன் போனை நீட்டி, "எனக்கு நல்லாத்தான் தம்பி ஓடுது. மருமகனுக்குத்தான் என்னவோ" என்பார்.

மருமகன் ரிஸ்வான் பக்கத்தில் நின்று தரையைப் பார்ப்பான்.

2. ரிஸ்வானுக்கு என்ன அவசரம்

எங்கள் பகுதியில் தமிழரோ முஸ்லிம்களோ, பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதுதான் வழக்கம். கலியாணம் முடித்த மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஹாஜியாரும் துணிக்கடையில் உழைத்துக் கட்டிய முன்வீட்டை ஒரே மகள் ஸபீனாவுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டி மனைவியோடு ஒதுங்கினார். ரவுட்டர் முன்வீட்டு ஹோலில் இருந்தது.

ரிஸ்வான் கட்டாரில் கட்டடச் சாமான் விற்கும் ஒரு கொம்பனியில் வேலை செய்தவன். கலியாணம் முடித்த கையோடு திரும்பிப் போய்விட்டான். மகள் பிறந்தபோதும் அவன் அங்கேதான். குழந்தை அவனைப் போனுக்குள் இருக்கும் ஓர் ஆளாகத்தான் அறிந்திருந்தது. கெஞ்சிக் கூத்தாடி, ஓடர் எடுக்கும் வேலையை ஊரிலிருந்தே செய்ய அனுமதி வாங்கி வந்திருந்தான். அந்த அனுமதிக்கு ஒரு நூல்தான் பிடி. அது வைஃபை.

"அண்ணன், பொஸ் நேத்துக் கடைசியாச் செல்லிட்டார். இன்னொருக்கா மீட்டிங்ல லைன் போனா டிக்கட் அனுப்புறன், இஞ்சயே வந்து வேல செய்யி, இல்லாட்டி உட்டுடு எண்டு" என்றான் அன்று. ஏறாவூரில் 'சொல்' என்பது 'செல்' ஆகிவிடும்.

"எத்தின மணிக்கு தம்பி லைன் போகுது?" என்று கேட்டேன். முதல் நாளிலிருந்து கேட்கும் கேள்விதான்.

அவன் வாய் திறக்குமுன் ஹாஜியார் பதில் சொன்னார். "பின்னேரத்துல எண்டு செல்றார். ஒழுங்கான நேரம் இல்ல போல."

"ஓம், அப்படித்தான்" என்றான் ரிஸ்வான்.

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு எந்தக் கொம்பன் பழுதைக் கண்டுபிடிப்பான்? எனக்குச் சினம் வந்தது. அவனுடைய பாஸ்வேர்டைக் கேட்டு என் போனிலும் போட்டேன். வேகம் பார்த்தேன். எல்லாம் சரி. "பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பழுது தெரியாதபோது நாங்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது.

3. படலையடியில்

வழக்கமாக ஏறாவூர் வேலைகளை நாங்கள் முற்பகலிலேயே முடித்துவிடுவோம். பொழுதுபடும் மஃரிப் தொழுகை நேரத்தில் அங்கே வீடுகளுக்குப் போவதில்லை. பாங்கு சொன்னதும் கடைகள் அடைபடும், ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஏணியும் கையுமாக நுழைவது முறையில்லை. யாரும் எழுதி வைத்த விதி இல்லை. எங்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

அன்று செங்கலடியில் ஓர் அறுந்த வயரோடு மல்லுக்கட்டி, ஹாஜியார் வீட்டுக்கு வரவே பின்னேரமாகிவிட்டது. ரிஸ்வானிடம் "பாப்பம்" என்றுவிட்டு வந்து, தெருப் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் குந்தியிருந்து, வேலை முடிந்ததாகப் போனில் அனுப்பிக்கொண்டிருந்தேன். சொந்த டேட்டாவை ஏன் செலவழிப்பது என்று அவர்களுடைய வைஃபையில்தான். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தபடி எனக்குத் தலையசைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தார். மதிலில் வரிசையாகக் குந்தியிருந்த அயல்வீட்டு இளவட்டங்கள் திடீரென்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினார்கள். பாங்கு கேட்டது.

என் போனில் வைஃபை இல்லை.

ரிஸ்வான் செருப்பில்லாமல் ஓடி வந்தான். "போயிட்டு அண்ணன், போயிட்டு! மீட்டிங் தொடங்கப் போகுது!"

"தம்பி, ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துலயா?"

அவன் திரும்பித் தெருவைப் பார்த்தான். மாமனார் தெரு முடக்குத் திரும்பி மறைந்திருந்தார்.

"ஓம்" என்றான்.

"அட, இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் செல்ற? நீங்க கேக்கக்குள்ள எல்லாம் மாமா பக்கத்துல நிண்டார். மஃரிப் தொழ நான் வேற பள்ளிக்கு, ஆத்தங்கரைப் பள்ளிக்குப் போறன் எண்டு அவருக்கிட்டச் செல்லிரிக்கன். அந்த நேரத்துலதான் அங்க மீட்டிங். வீட்டுலயே சுறுக்காத் தொழுதிட்டு லெப்டொப்புக்கு முன்னால குந்துறன். அந்த நேரம் லைன் போகுது எண்டு செல்லி, நானே என்னக் காட்டிக் குடுக்கிறதா?"

எனக்கு வந்த சினமெல்லாம் வடிந்துவிட்டது. நானும் பெண்வீட்டில் போய்க் குடியிருந்தவன்தான். என் மாமி எனக்குத் தந்த தேத்தண்ணியில் சீனி பாணியாக இருக்கும். குறை என்று நினைத்துவிடுவார்களே என்று பதினோரு வருடம் வாய் திறக்காமல் குடித்தேன். இப்போது எனக்குச் சீனி வருத்தம், மூன்று வேளையும் மாத்திரை. ஆகவே அவனை நான் ஏசவில்லை.

மீட்டிங்கை என் போனின் டேட்டாவில் ஓட வைத்தேன். அவன் ஹோலில் பேசிக்கொண்டிருக்க, நான் வாசற்படியில் குந்தியிருந்து யோசித்தேன். என் போனில் பதிவாகியிருந்த வைஃபையின் பெயரை அப்போதுதான் கவனித்தேன். அவன் தந்த பாஸ்வேர்டில் வருவது வீட்டு நெட்வேர்க் இல்லை, கெஸ்ட் நெட்வேர்க். ஒரே ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை கொடுக்கும். ஒன்று வீட்டாருக்கு, மற்றது வந்து போகிறவர்களுக்கு. இரண்டாவதற்கு வேகத்தைக் குறைக்கலாம், நேரம் வைத்துப் பூட்டலாம். பூட்டினாலும் லைட் எல்லாம் பச்சையாகவே எரியும். பழுதே இல்லாத இடத்தில் இத்தனை நாளாகப் பழுது தேடியிருக்கிறேன்.

மீட்டிங் முடிந்து அவன் வந்ததும் கேட்டேன். "இந்தப் பாஸ்வேர்ட் ஆர் தந்தது?"

"கலியாணத்தண்டு மாப்பிள்ள ஊர்வலத்துல வந்த கூட்டாளிமாருக்கெல்லாம் குடுத்தாங்க. நானும் அப்பதான் போட்டன். மறுகா மாத்தல்ல."

வாசலில் குழந்தையோடு நின்ற ஸபீனா அதிர்ந்துபோனாள். "வீட்டு லைன்லதான் இரிக்கீங்க எண்டெல்லோ நான் நினைச்சன்! எனக்கிட்டக் கேட்டிரிக்கலாமே?"

"உங்களுக்கும் பாஸ்வேர்ட் தெரியா. வாப்பாக்கிட்டத்தானே கேக்கணும்" என்றான்.

4. ஹாஜியார் வந்தார்

நான் இன்னும் போகாமல் குந்தியிருந்ததைக் கண்டு ஹாஜியாருக்கு வியப்பு. பூட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அது நான்தான் தம்பி போடச் சொன்னது. லைன் குடுக்க வந்த புள்ள போட்டுத் தந்தது. பாங்கு செல்லக்குள்ளயும் மதில்ல குந்தி கேம் அடிக்கிறானுகள். பாக்க ஏலா. அது வாற போற ஆக்கள்ற லைன்தானே. எங்கட லைனுக்குப் பூட்டு இல்லையே?"

ஹாஜியார் கடை நடத்திய மனிதர். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து விலை சொன்னவர். மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், திறந்திருந்த லெப்டொப்பைப் பார்த்தார். ரவுட்டர் என்றால் ரீசெட் பண்ணலாம். மாமனாரையும் மருமகனையும் ரீசெட் பண்ண என்னிடம் கருவி இல்லை.

"நான் ஆத்தங்கரைப் பள்ளிக்குப் போறல்ல மாமா" என்று ரிஸ்வானே தொடங்கினான். "அந்த நேரம் அங்க மீட்டிங். வீட்டுலதான் தொழுறன். உங்களுக்குச் செல்ல வெக்கமாப் போச்சு. இந்த வேல போனா மறுகாவும் கட்டாருக்குத்தான் போகணும். புள்ள இப்பதான் என்னட்ட வருது."

ஹாஜியார் கதிரையில் மெல்ல அமர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை, நோவு இருந்தது.

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து வந்த ஆக்கள்ற லைன்லயா மகன் இரிக்கீங்க? அதுவும் இந்த வீட்டுக்குள்ள?"

ரிஸ்வான் தன் போனை எடுத்து அந்த லைனின் பெயரைக் காட்டினான்.

"நாங்க தரல்ல. நீங்க கேக்கவும் இல்ல" என்றார். பிறகு பின்பக்கம் திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார். "இஞ்சங்க, வீட்டு லைன்ட பாஸ்வேர்ட் என்ன? எனக்கு மறந்திட்டு."

ஸபீனாவின் தாய் மருமகனுக்கு முன்னால் வந்து பேசுகிறவர் இல்லை. பின்வீட்டிலிருந்து வந்து திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, மகனே என்று அழைத்து, எழுத்தெழுத்தாகச் சொன்னார். ரிஸ்வான் ஒவ்வொன்றாகத் தட்டினான். இரண்டு தடவை பிழைத்தது. இரண்டு தடவையும் அவர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். மூன்றாவது தடவை லைன் ஏறியது.

"நாளைக்கும் அந்த நேரம்தானா மீட்டிங்?" என்று ஹாஜியார் கேட்டார்.

"ஓம் மாமா."

"சரி. தொழுதிட்டுக் குந்துங்க. வேலையும் கடமதான்."

அன்று வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல இருந்தது. சுப்பர்வைசர் காரணம் கேட்டார். "பாஸ்வேர்ட் மாறிக் கிடந்தது" என்று மட்டும் சொன்னேன். கொம்பனிக்கு அது போதும்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ரவுட்டரைத் தொடுமுன், குறை சொல்கிறவர் எந்த நெட்வேர்க்கில் இருக்கிறார் என்று பாருங்கள். எத்தனை மணிக்குப் போகிறது என்று வீட்டுக்குள் கேட்காதீர்கள். அவரைப் படலையடிக்குக் கூட்டிப்போய்த் தனியாகக் கேளுங்கள். ஒரு வீட்டில் யாருக்கு வாய் திறக்க ஏலாதோ, அவருடைய லைனைத் திருத்துவதுதான் ஆகக் கஷ்டம்.

சில மாதம் கழித்து ரிஸ்வானிடமிருந்து மீண்டும் போன் வந்தது. அந்தப் பெயரைத் திரையில் கண்டதும் எனக்குக் களைப்புத்தான் வந்தது.

"அண்ணன், லைன் சரியான ஸ்லோ! மாமா விடிஞ்சாப் பொழுதுபட்டா கிரிக்கெட் பாக்கிறார். எங்களுக்கு ஒண்டும் மிஞ்சல்ல!"

பின்னால் ஹாஜியாரின் குரல் கேட்டது. "பொய் செல்றார் தம்பி! அவர்தான் பாட்டுப் போட்டுப் புள்ளைய ஆட்டுறார்!"

இரண்டு பேரும் என்னை மறந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.