கால் சாப்பு மருந்து

என் முகத்தில் இருக்கும் குழிகளைப் பார்த்துப் பாதிப் பேர் அம்மைத் தழும்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அம்மை போட்டிருந்தால் கோயிலுக்குக் கூழ் ஊற்றிவிட்டு மறந்திருப்பேன். அம்மனிடம் சண்டைக்குப் போக முடியுமா? இது அம்மன் போட்டது இல்லை. என் அத்தை போட்டது. அதனால்தான் இத்தனை வயசாகியும் மறக்கவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்திய சங்கதி. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. கொடியில் வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் சாயந்திரம் அதன்மேல் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு கரித்தூள். நான் வயசுக்கு வந்த மறு வருஷம் முகத்தில் பரு கிளம்பியது. நெற்றியில் பொடிப்பொடியாக, கன்னத்தில் கொத்தமல்லி விதை பருமனுக்கு. மூக்குக்கு இரண்டு பக்கமும் தோலில் துவாரம் துவாரமாக விரிந்து, அதில் கரி போய் உட்கார்ந்து எள் தூவினாற்போல இருக்கும்.

அம்மா பயத்தமாவு தேய்த்தாள். சங்கை இழைத்துப் பூசினாள். வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கச் சொன்னாள். பரு ஒரு வாரம் அடங்கும், மறு வாரம் கிளம்பும். வயசோடு வருகிறது, வயசோடு போகும் என்று அம்மா விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். எனக்கு அது ஒரு பாரமாகவே தெரியவில்லை.

பாரமாகத் தெரிந்தது அத்தைக்கு. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கிள்ளானில் மளிகைக் கடைக்காரர் வீட்டம்மா. அவள் மகனுக்குத்தான் நான் என்று, நான் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்துவிட்டார்கள். ரயில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தால், உட்காருவதற்கு முன்னாலேயே என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்புவாள். காய்கறிப் பாசாரில் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பாளே, அந்த மாதிரி.

"ஏண்டி, இது என்ன மூஞ்சியா, ஆப்பமா?"

"பரு அண்ணி. தானாப் போயிரும்" என்பாள் அம்மா, குரலே எழும்பாமல்.

"போற வரைக்கும் என் மவன் காத்துக்கிட்டு இருக்கணுமா? கிள்ளான்ல நாலு பேரு வந்து போற வீடு எங்க வீடு. மருமவ மூஞ்சிய முக்காடு போட்டா மறைக்கிறது?"

அந்த மகன் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். அவர் முகம் என் முகத்தைவிட மோசம். நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கன்னமெல்லாம் சிவந்து கிடக்கும். அவர் தாடையை யாரும் பிடிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திருப்பவில்லை. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தானுக்கும்தான் இருக்கு" என்றேன்.

"ஆம்பளைக்கு என்னடி? மீசை வந்தா மறைஞ்சிரும்."

"மீசை நெத்தியிலயா வரும்?"

அம்மா முதுகில் கிள்ளினாள். அத்தான் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவரை நல்லவர் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை அத்தை வந்தபோது முந்தானையில் ஒரு தகர டப்பி முடிந்து கொண்டுவந்தாள். கிள்ளானில் சீனன் மருந்துக்கடையில் வாங்கியதாம். அத்தைக்குத் தனக்கு மலாய் தண்ணிபட்ட பாடு என்று ஒரு நினைப்பு. அவளுக்குத் தெரிந்தது சந்தையில் விலை பேசுகிற பாசார் மலாய், அதிலும் அரைவாசி. தோலில் எது வந்தாலும் அவளுக்குக் குராப்தான். குராப் என்றால் படர்தாமரை. காலிடுக்கிலும் இடுப்பிலும் வருகிற ஒட்டுவாரொட்டி. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

"மருமவளுக்குக் குராப், நல்ல மருந்தாக் குடுன்னு கேட்டேன். கடைக்காரத் தவுக்கே உள்ள போயி எடுத்தாந்து, இதுதான் குவாட்டு, குவாட்டுன்னான்" என்றாள். குவாட் என்றால் வீரியம். அதில் அவளுக்கு ஒரே பெருமை.

டப்பியில் சீன எழுத்து. எங்களில் யாருக்கும் தமிழ் எழுத்தே ஒழுங்காகத் தெரியாது, சீன எழுத்துக்கு எங்கே போவது? மூடியின்மேல் ஒரு பாதம் மட்டும் படமாகப் போட்டிருந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாச் சாமானும் மேலே போட்டிருக்கும் படத்தை வைத்துத்தான், அதற்குச் சாப்பு என்று பேர். நெருப்புப் பெட்டி யானை சாப்பு, மாவு குடை சாப்பு, சவுக்காரம் மயில் சாப்பு. கடையில் போய்ச் சாப்பைச் சொன்னால் எடுத்துத் தருவான். யானை சாப்பு நெருப்புப் பெட்டி யானைக்காக இல்லையே.

"கால் எதுக்கு அண்ணி போட்டிருக்கு?" என்று அம்மா கேட்கத்தான் கேட்டாள்.

"அது சாப்புடி! கால் சாப்பு. கிள்ளான்ல கேட்டுப் பாரு, அவ்வளவு பேரு போனது."

கறுப்பாக, கீல் மாதிரி நாற்றம். அத்தை தன் கையாலேயே நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அப்பினாள். மிளகாய் அரைத்துப் பூசினது போல எரிந்தது. கத்தினேன். "எரிஞ்சாத்தான் மருந்து. வெடிஞ்சுதான் கழுவணும்" என்று சொல்லிவிட்டு அவள் ரயிலேறிப் போய்விட்டாள். அம்மா அடுப்படிக்கும் எனக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. ஊற்றவில்லை. நாத்தனார் சொல்லிவிட்டாளே! அந்தச் செம்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அம்மாமேல் கோபம் வருகிறது. அத்தைமேல் வருகிற கோபம் வேறு. இது வேறு.

விடிந்தபோது கண் திறக்க முடியவில்லை. முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. பிறகு தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. பரு இருந்த இடமெல்லாம் சீழ் கோத்து, ஆறி, குழியாக நின்றுவிட்டது.

பின்வரிசை வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தாள். மக்சிக், மக்சிக் என்று கூப்பிடுவோம், சின்னம்மா மாதிரி. என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். டப்பியை எடுத்து முகர்ந்தாள். மூடியைப் பார்த்தாள்.

"இது காலுக்குப் போடுறதுலா! பாரு, காலு போட்டிருக்கு! குராப்புக்குப் போடுறது. உனக்கு வந்தது ஜெராவாட். குமரிப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் வரும். எனக்கும் வந்துச்சு" என்றாள் மலாயில். வீட்டுக்குப் போய், அரிசியைப் புளிக்கவைத்து உருட்டிக் காயவைத்த வெள்ளை உருண்டைகளைக் கொண்டுவந்து, தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசிவிட்டாள். அன்றைக்குத்தான் முகம் கொஞ்சம் குளிர்ந்தது.

ஜெராவாட். பரு. எனக்கு வந்தது குராப் இல்லை, வெறும் பருதான் என்று ஒருத்தி வாயால் கேட்டேனே, அதுவே பாதி மருந்து.

இதை அப்பா கிள்ளானுக்குப் போய் அத்தையிடம் சொன்னார். "நான் என்ன கண்டேன்? நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். அவள் சொன்னது வேறு. வாங்கிக் கொடுத்த மருந்து தப்பு என்றால் அவள் மலாய் தப்பு என்று ஆகிவிடுமாம். அதனால் மருந்து சரி, நோய்தான் பொல்லாதது என்று கிள்ளான் முழுக்கச் சொல்லிவைத்தாள். பொண்ணுக்குக் குராப், குவாட்டு மருந்துக்கே கேட்கவில்லை என்று. இது எங்களுக்குத் தெரியாது. பரிசம் போட வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொட்டிலில் பேசியதை மாற்றினால் ஊர் ஏசும் என்று அத்தை, அத்தான், மாமா வந்திருந்தார்கள், கூடக் கிள்ளான் பெண்கள் ஒரு கூட்டம். பரிசப் பட்டைத் தட்டில் வைத்து நடுவில் வைத்திருந்தார்கள். நான் காப்பி கலந்து, கிளாஸ்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். முதலில் இருந்தவள், "இப்பத்தான் குடிச்சோம்மா" என்றாள். சரி. அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவள் சேலைத் தலைப்பை மடியில் இழுத்துச் சுருட்டிக்கொண்டாள், என் பாவாடை பட்டுவிடக் கூடாதாம். பக்கத்திலிருந்தவள் அவள் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

"கிட்டப் போவாத. குராப்பு ஒட்டும்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நேரே அத்தைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, இவங்க முன்னாடி சொல்லுங்க. எனக்கு வந்தது என்ன?"

"இப்ப என்னடி அதுக்கு? ஏதோ ஒண்ணு."

"ஏதோ ஒண்ணு இல்ல. பரு. ஜெராவாட். நீங்க போட்டது கால் மருந்து."

"பெரியவங்ககிட்ட வாயாடாத. காப்பியக் குடுத்துட்டு உள்ள போ."

"குடுக்கத்தான் நிக்கிறேன். நீங்க குடிங்க. நீங்க குடிச்சா அவங்களும் குடிப்பாங்க. என் கையால வாங்கி நீங்க குடிக்காததா?"

அத்தை கையை நீட்டினாள். கிளாஸுக்கு ஒரு விரற்கடை முன்னால் அந்தக் கை நின்றுவிட்டது. அவள் கண் என் விரலைப் பார்த்தது. அப்போது எனக்குப் புரிந்தது. ஊருக்குச் சொன்ன பொய்யை அவளே நம்பிவிட்டாள். கையை இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தொடவே இல்லை, எதைத் துடைத்தாள்?

அத்தான் எட்டி ஒரு கிளாஸை எடுக்க வந்தார். பொய் சொல்லக் கூடாது, வந்தார். அத்தை அவர் கையில் பட்டென்று ஒன்று போட்டாள். கை மடங்கிப் போய்விட்டது. ஒரு தட்டுக்கு மடங்குகிற கை!

நான் காப்பித் தட்டைக் கீழே வைத்தேன். உள்ளே போய் அந்த டப்பியை எடுத்துவந்து, பரிசத் தட்டில் பட்டுப்புடவையின்மேல் வைத்தேன்.

"இதையும் சேத்து எடுத்துட்டுப் போங்க அத்தை. அத்தான் காலுக்கு ஆகும்."

எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். பொம்பளைப் பிள்ளையா இது, நாக்கைப் பாரு, இந்த மூஞ்சிக்கு இந்த வாயா என்று. அம்மா அழுதாள். அப்பா எழுந்தார். பரிசத் தட்டைத் தூக்கி மாமா கையில் கொடுத்தார். பிறகு அத்தையைப் பார்த்து, ஸ்டேஷனில் ஆளுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அக்கா, கிள்ளான் ரயிலுக்கு நேரமாச்சு."

அவர்கள் போன பிறகு வீடு பெரிதாக இருந்தது. நான் காப்பித் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கிளாஸை எடுத்துக் குடித்தேன். அடுத்ததையும் குடித்தேன். அப்பா வந்து எதிரே உட்கார்ந்து, ஒன்றை எடுத்துக்கொண்டார். ஆறிப்போயிருந்தது. சீனி சரியாகத்தான் போட்டிருந்தேன்.