நாலு பேருக்கான வீடு

ஸ்டுட்கார்ட்டில் டிராம் ஓட்டிய காலம் முழுக்கச் சிறீதரன் மேலதிகாரிகளிடம் வாங்கிய பேச்செல்லாம் ஒரே காரணத்துக்காகத்தான். கதவை மூடிப் புறப்படும் நேரத்தில் யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால், திரும்பத் திறந்துவிடுவார். அடுத்த டிராம் கொஞ்ச நேரத்தில் வரத்தானே போகிறது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அது அவருக்கும் தெரியும். கைதான் கேட்பதில்லை.

வீட்டுக் கதவும் அப்படித்தான். நகரின் கன்ஸ்டாட் பகுதியில், மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. தொண்ணூறுகளில் அகதி முகாமிலிருந்து சனி ஞாயிறுக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள், வேறு நாட்டுக்குப் போகிற வழியில் நின்றவர்கள் என்று அந்த வீட்டில் ஆள் இல்லாத கிழமை இல்லை. மனைவி கமலநாயகி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்துவிட்டு வந்து, வீட்டில் இன்னொரு சமையலறையை நடத்தினாள். வந்தவர்களுக்கு மகள் ஆதிரையின் அறை கொடுக்கப்படும். ஆதிரை தலையணையையும் பள்ளிக்கூடக் கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு நடையில் போட்ட மெத்தைக்கு வந்துவிடுவாள். யாரும் சொல்லத் தேவையில்லை. அழைப்புமணி அடித்ததும் அவளே போய்க் கட்டில் விரிப்பை மாற்றத் தொடங்கிவிடுவாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

இரண்டாம் வகுப்பில் உன்னுடைய அறையை வரை என்று ஆசிரியை சொன்னபோது அவள் வரைந்தது ஒரு நடை. இரண்டு பக்கமும் கதவுகள், நடுவே மெத்தை, மெத்தையைச் சுற்றிச் சப்பாத்துகள். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை அந்தப் படத்தைக் காட்டிக் கவலையோடு கேட்டபோது, எங்கள் வீட்டுக்கு நிறையச் சொந்தக்காரர் வருவார்கள் என்று சிறீதரன் பெருமையாகச் சொன்னார். ஆசிரியை தன்னைப் பாராட்டுகிறார் என்றுதான் அவர் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆதிரை இப்போது தானும் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கணவன் லக்ஸனோடு நகரின் மறுபக்கத்தில் இருக்கிறாள். அப்பா ஓய்வு பெற்ற கோடையில் இத்தாலியக் கடற்கரைக்கு மேலே ஒரு விடுமுறை வீட்டை ஒரு கிழமைக்கு எடுத்தாள். இரண்டு அறை, ஒரு திறந்த முற்றம், கீழே கடல். அந்தக் குடும்பம் விடுமுறை போகாத குடும்பம் அல்ல. பாரிஸ், லண்டன், சூரிச் எல்லாம் பலமுறை போயிருக்கிறார்கள். ஆனால் போனதெல்லாம் சொந்தக்காரர் வீட்டுக்கு, படுத்ததெல்லாம் அவர்களுடைய வரவேற்பறையில். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊருக்குப் போவது இதுதான் முதல் தடவை. அங்கே போய் என்ன செய்வது என்று கமலநாயகி உண்மையாகவே கேட்டாள்.

ஆதிரை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு கிழமை அப்பா. நாங்கள் நாலு பேர் மட்டும். வேறை ஒருத்தரும் வேண்டாம்."

"வேறை ஆர் வரப்போகினம்?" என்றார் சிறீதரன்.

அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிஸிலிருந்து புஷ்பராணி அக்கா போன் எடுத்தார். இருந்த ஒரே அக்கா. ஒரு காலத்தில் மகன் மதீசனோடு வந்து கன்ஸ்டாட் வீட்டில், ஆதிரையின் அறையில், ஏறக்குறைய ஒரு வருடம் இருந்துவிட்டுப் பாரிஸுக்குப் போனவர். அத்தான் இறந்தபின் அக்காவின் பேச்சு குறைந்துவிட்டது. மகனுக்கும் மருமகளுக்கும் வேலை, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தான் பகல் முழுக்க ஜன்னலடியில் இருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, நீ சந்தோசமாய்ப் போட்டு வா என்றார். போனை வைக்கும் நேரத்தில், யாரும் யாருக்கும் சொல்வதைப்போல, சிறீதரன் சொன்னார்:

"நல்ல இடமாம் அக்கா. ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போங்கோவன்."

அக்கா இடத்தின் பெயரைக் கேட்டார். அவர் அனுப்பினார். பிறகு அதைப்பற்றி ஒரு கதையும் இல்லை. ஆகவே வீட்டில் யாருக்கும் அவர் சொல்லவில்லை.

அவர்கள் ஒரு சனிக்கிழமை போய் இறங்கினார்கள். ஒலிவ மரங்களுக்கு நடுவே கல்லால் கட்டிய வீடு. சமையலறையைத் திறந்து பார்த்த கமலநாயகிக்கு அதிர்ச்சி. ஆறே ஆறு கோப்பை, ஒரு சின்னச் சட்டி. "இதுக்குள்ளை எப்பிடிச் சமைக்கிறது" என்று கேட்டபடி காரிலிருந்த தன்னுடைய பெரிய சட்டியை எடுக்கப் போனவளை லக்ஸன் மறித்துவிட்டான். அவன் அதிகம் பேசாத பிள்ளை. அன்று இரவு அந்தச் சின்னச் சட்டியில் தானே பாஸ்தா போட்டான். உப்புக் குறைவாகத்தான் இருந்தது. கமலநாயகி உட்கார்ந்து சாப்பிட்டாள். உட்கார்ந்தபடி சாப்பாட்டை முடிப்பது அவளுக்கு எப்படியோ இருந்தது.

முதல் இரண்டு நாளும் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. போய்ப் பார்க்க வீடுகள் இல்லை, வாங்கிக்கொண்டு போகப் பலகாரம் இல்லை. சிறீதரன் காலையில் எழுந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று கடலைப் பார்ப்பார். பார்த்து முடிந்துவிடும். திரும்பி வருவார். ஆதிரையின் அறைக் கதவு பத்து மணிவரை மூடியே இருக்கும். அந்தக் கதவைக் கடக்கும்போது அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவதைக் கண்டு கமலநாயகி சிரித்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஆதிரை தானாக வந்து அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு சொன்னாள். பனிக்காலத்தில் தனக்குச் சுகமில்லாமல் போனதாம். காய்ச்சல், தலையிடி என்று ஒன்றும் இல்லை. காலையில் எழும்ப முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கதைக்கும் சத்தமே தாங்கவில்லை. ஒருநாள் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள்ளேயே இருந்து அழுதிருக்கிறாள். டாக்டர் வேலைக்குப் போக வேண்டாம் என்று சுகவீன விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"ஆறு கிழமை கிராங்க் போட்டிருந்தனான்" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கமலநாயகி கேட்டாள்.

"எடுத்தனான் அம்மா. எப்ப எடுத்தாலும் உங்கடை வீட்டிலை ஆராவது இருப்பினம். அப்பா உடனை ஸ்பீக்கரிலை போட்டிடுவார். ஆதிரை எடுக்கிறாள், கதையுங்கோ எண்டு சுத்திக் குடுப்பார். நான் எல்லாருக்கும் சுகம் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவன்."

குற்றம் சொல்வதுபோல அவள் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைப்போலச் சொன்னாள். இப்போது பரவாயில்லை, ஆனால் இன்னும் சத்தம் கூடினால் பயமாக இருக்கிறது, இந்தக் கிழமைக்காகத்தான் காத்திருந்தேன் என்றாள். சிறீதரன் மகளுடைய கையை எடுத்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவள் அந்தக் கையாலேயே அவருடைய நகம் வெட்டாமல் இருப்பதைக் காட்டி ஏசினாள்.

அடுத்த நாள் காலை அவருடைய போனுக்கு ஒரு படம் வந்தது. பிரான்சில் ஏதோ ஒரு பெருந்தெருக் கடைவாசலில் ஒரு வான். வானுக்கு முன்னால் மதீசன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட புஷ்பராணி அக்கா. கீழே ஒரு வரி: விடியவே வெளிக்கிட்டிட்டம், பின்னேரம் வந்திடுவம்.

சிறீதரன் போனைக் கமலநாயகியிடம் நீட்டினார். அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை நிற்பாட்டினாள்.

"நீங்களே கூப்பிட்டனீங்கள்?"

"சும்மா சொன்னனான். ஒரு கதைக்கு."

"உங்கடை அக்கா ஒரு கதைக்கு வாறவவே?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, பிள்ளை இன்னும் எழும்பவில்லை, அதற்குள் ஒரு வழி பாருங்கோ, நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன், கூப்பிட்டவரே சொல்லட்டும் என்றாள்.

அவருக்கு ஒரு வழி தோன்றியது. இது நாலு பேருக்கான வீடு. கூட ஆள் வைத்திருக்கக்கூடாது என்று எடுக்கும்போதே சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரி ரோசான்னா கீழ் வீட்டில்தான் இருக்கிறார். அவர் ஒரு சொல் ஏலாது என்றால் போதும். பாவம் சிறீதரன் என்ன செய்வான், வீட்டுக்காரி விடவில்லை. அக்காவுக்கும் கோபம் வராது, மகளுக்கும் தெரியவராது. அவர் ஏறக்குறையச் சந்தோசத்தோடு படியிறங்கிப் போனார்.

ஜெர்மன்காரர்கள் வந்து தங்குவதால் ரோசான்னாவுக்கு ஜெர்மன் நன்றாக வந்தது. சிறீதரன், அந்த அம்மா மறுப்பதற்கு வசதியாக, எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னார். ஐந்து பேர், அதில் இரண்டு குழந்தைகள், ஓடித் திரிவார்கள், சத்தமாக இருக்கும், மீன் பொரிப்பார்கள். ரோசான்னா கவனமாகக் கேட்டார். அக்கா விதவையா என்று கேட்டார். ஓம் என்றதும் தானும் விதவை என்றார். பிறகு அவருடைய கையைப் பிடித்து, குடும்பம் என்றால் வேறு கதை, எத்தனை நாளும் நிற்கட்டும் என்று சொல்லி, பின்பக்கத்து அறையைத் திறந்து மெத்தைகளைக் காட்டினார். வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் ஒன்றை இழுத்து அவருடைய தலையில் ஏற்றிவிட்டார். மற்றதைப் பிறகு வந்து எடுக்கலாமாம்.

அப்படித்தான் அவர் தலையில் மெத்தையோடு ஒலிவ மரங்களுக்கு நடுவே திரும்ப ஏறி வந்தார். முற்றத்தில் ஆதிரை கோப்பிக் கோப்பையோடு நின்றாள்.

அவள் மெத்தையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஆர் என்று கேட்கவில்லை. கோப்பையை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் மெத்தையை இறக்கிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தபோது, லக்ஸன் ஒன்றும் விளங்காமல் சுவரோடு நிற்க, அவள் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். தலையணை ஏற்கெனவே கக்கத்தில் இருந்தது.

"மாமியோ?" என்றாள். "அவவுக்கு முதுகு ஏலாதெல்லே. கட்டில்தான் வேணும். நாங்கள் வெளியிலை படுக்கிறம்."

முகத்தில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. அந்தக் கை வேலையை அவர் எத்தனையோ தடவை நடையில் நின்று பார்த்திருக்கிறார், பார்த்துச் சந்தோசப்பட்டும் இருக்கிறார்.

"அதை விடு பிள்ளை. விரிச்சபடி கிடக்கட்டும்" என்றார்.

அவர் வெளியே வந்து முற்றத்து மதிலில் இருந்தபடி அக்காவைப் போனில் அழைத்தார். வானுக்குள் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று கேட்டார். பிறகு, அக்கா, இங்கே தங்க ஏலாது, இடமில்லை என்றார்.

"நாங்கள் என்ன கட்டிலே கேட்டனாங்கள்? நிலத்திலை படுப்பம். உன்ரை கன்ஸ்டாட் வீட்டிலை பன்னிரண்டு பேர் படுக்கேல்லையே?"

"படுத்தனாங்கள்தான்."

"பேந்தென்ன? வீட்டுக்காரி ஏதும் சொல்லுறாளோ? நான் வந்து கதைக்கிறன்."

ஓம் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. அந்த அம்மாவும் அக்காவும் சந்தித்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"அவ ஒண்டும் சொல்லேல்லை. இடம் இருக்கக்கா. மெத்தையும் இருக்கு. நான்தான் வேண்டாம் எண்டுறன்."

அந்தப் பக்கம் அக்கா பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"ஆதிரையோ?"

"அவள் அறையை விட்டிட்டாள். நான்தான் திருப்பிக் குடுத்தனான். இந்தக் கிழமை அவளுக்கெண்டு சொன்னது. நான் உங்களைக் கூப்பிட்டது பிழை. கோவியுங்கோ."

பிறகு அக்கா சொன்னார்:

"மீன்குழம்பு கொண்டு வாறன். பழுதாப்போகும். அதையெண்டாலும் வந்து வாங்கு."

கடற்கரை ஊர் முழுக்க நிறைந்திருந்த காலம். ரோசான்னாதான் அங்குமிங்கும் பேசிப் பக்கத்து ஊரில் தன்னுடைய உறவினரின் விடுதியில் அவர்களுக்கு அறை பிடித்துக் கொடுத்தார். மெத்தை இருக்க எதற்காக வேறு அறை என்று அந்த அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பின்னேரம் சிறீதரன் தனியே காரை எடுத்துக்கொண்டு கீழே போனார். கடற்கரை வாகனத் தரிப்பிடத்தில் வான் நின்றது. பிள்ளைகள் மாமா தாத்தா என்று ஓடிவந்து காலைக் கட்டினார்கள். மதீசன், பரவாயில்லை மாமா, கடல் எல்லா இடத்திலும் ஒன்றுதானே என்றான். அக்கா இறங்கவில்லை. முன் இருக்கையில் இருந்தபடி துணியில் கட்டிய சட்டியை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மலைப்பக்கம் பார்த்தார்.

"எது வீடு?"

அவர் கையைக் காட்டினார்.

"பெரிய வீடுதான்" என்றார் அக்கா.

அவர் இரண்டு மணித்தியாலம் அவர்களோடு நின்றார். பிள்ளைகளைக் கடலில் இறக்கி, வழுக்காமல் பிடித்துக்கொண்டார். அக்கா கரையில் நாற்காலியில் இருந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார், கேட்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை. வெளிக்கிடும்போது மட்டும், பிள்ளைக்குச் சுகமில்லையோ என்றார். இப்ப பரவாயில்லை என்றார் சிறீதரன். அக்கா அதற்குமேல் கேட்கவும் இல்லை, திரும்ப வரச்சொல்லவும் இல்லை.

அன்றிரவுச் சாப்பாட்டில் ஆதிரை சட்டியின் மூடியைத் திறந்ததும் மாமியின் குழம்பு என்று மணத்திலேயே சொல்லிவிட்டாள். பாண் துண்டைக் குழம்பில் தோய்த்து, விரலைச் சூப்பி, லக்ஸனுக்கு வைத்திருந்த மீன் தலையையும் எடுத்துச் சாப்பிட்டாள். மாமிக்குக் கோபமோ என்று கேட்டாள்.

"கோபம்தான்" என்றார் சிறீதரன். "கொஞ்சக் காலம் இருக்கும்."

"வெள்ளிக்கிழமை நான் ஒருக்காப் போய்ப் பாக்கிறன்" என்றாள் ஆதிரை. "நான் போறன். நீங்கள் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

கமலநாயகி சிரித்துவிட்டு, முற்றத்தில் கிடக்கிற மெத்தையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். விடியக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். ஆதிரை கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தம் கேட்டது. சிறீதரன் அக்காவின் சட்டியைக் கையில் எடுத்து, மிச்சக் குழம்பை எதில் ஊற்றி வைப்பது என்று தேடத் தொடங்கினார்.