பனங்கட்டைப் பிடி

எங்கள் பழைய ஏ-40 காரை வாங்க விரும்பியவர், அதன் பாகங்கள் ஒரிஜினல்தானா என்று பார்த்துச் சொல்ல நெல்லியடியிலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தார். மெலிந்த, வயதான மனிதர். அந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருந்தார். பெயிண்டில் கீறல் விழக்கூடாதென்று காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, தகரமெங்கும் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். அது ஒட்டாத இடங்களில், நெளிவை மறைக்கப் பட்டி பூசியிருந்தது. “இது பிறகு செய்தது” என்பார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்றது.

இடது பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியில், குமிழுக்குப் பதிலாகப் பனங்கட்டையில் சீவிய ஒரு துண்டு இருந்தது.

“தம்பி, இந்தக் கதவு எங்கை எடுத்தது?”

“இடம்பெயர்ந்து திரும்பி வரேக்கை காரிலை இந்தக் கதவு மட்டும் இல்லை, ஐயா. அப்பா கொடிகாமத்திலை ஒரு பழைய சாமான் கடையிலை வாங்கிப் போட்டவர்.”

“இது எங்கடை காரின்ரை கதவு. சண்டைக்காலத்திலை குமிழ் உடைஞ்சு, வாங்க வழியில்லாமல் நான்தான் இதைச் சீவிப் போட்டனான்.”

“கழட்டித் தரட்டே, ஐயா?”

அவர் கண்ணாடியை மெதுவாக இறக்கி, மறுபடி ஏற்றினார்.

“வேண்டாம். மற்றதெல்லாம் போயிட்டுது. இதாவது ஓடுற காரிலை கிடக்கட்டும்.”

பிறகு என் முன்னாலேயே, வாங்க இருந்தவரைத் தொலைபேசியில் அழைத்தார். பட்டி பூசிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். “இடது பின்கதவும் இந்தக் காரின்ரை இல்லை” என்று அதே குரலில் சொல்லி முடித்தார். கையை மட்டும் அந்தப் பனங்கட்டையிலிருந்து எடுக்கவில்லை.