இரண்டு முறை எண்ணிய ஓட்டு

எங்கள் ஊராட்சியில் பிரசிடெண்ட் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஆட்டோ, பூட்டு சாவி என்று ஏதோ ஒரு சின்னத்தில் நிற்க வேண்டியதுதான். ஆனாலும் யார் எந்தக் கட்சி ஆள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் கட்சிக்குள் யாரை நிறுத்துவது என்பதில்தான் முதல் சண்டை வரும். அந்த முறை எங்கள் கட்சியில் இரண்டு பேர் கேட்டார்கள். நான் கிளைச் செயலாளர்.

ஒருவன் என் மனைவியின் தம்பி. வாலாஜாபாத் அரிசி மில்லுக்கு மினி லாரி ஓட்டுகிறவன். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வண்டியை எடுத்துவிடுவான். இன்னொருவர் காலனித் தெருப் பெண். நூறு நாள் வேலையில் ஆட்களை மேற்பார்வை செய்து வந்தவர். பொதுத் தொகுதியில் அந்தத் தெருவிலிருந்து யாரும் அதுவரை நின்றதில்லை.

உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று சொன்னவன் நான்தான். கட்சி அலுவலகம் என்று எங்களுக்குத் தனியாகக் கட்டடம் இல்லை. ஓட்டு நடந்த அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டதால், சீட்டுகள் இருந்த தகரப் பெட்டியை என் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம். நானும் இரண்டு நிர்வாகிகளும் கூடத்தில் உட்கார்ந்து எண்ணினோம். என் மனைவி டீ கொடுத்தாள். மூன்று ஓட்டு வித்தியாசத்தில் மச்சான் ஜெயித்தான். ஒரு சீட்டுகூட மாறவில்லை. அதை இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என் ஓட்டும் மச்சானுக்குத்தான் போட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பியபோது ஒருவர் சிரித்தபடி, "அக்கா வூட்டு டீ குடிச்சிக்கினே எண்ணினா தம்பி பேர்தான் வரும்" என்றார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் அந்தப் பெண்ணே வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"அண்ணா, நீங்க ஏமாத்திட்டீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு உங்களத் தெரியும். ஆனா எங்க தெரு ஜனங்க வந்து கேக்குது, நீ பாத்தியான்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

"நாங்க மூணு பேரு பாத்தோம்மா. ஒரு தப்பும் நடக்கல."

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கலியே."

சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். நியாயமாக நடந்துகொண்டேன் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன். தோற்றவர் கண்ணால் பார்க்கிற மாதிரி அது நடந்ததா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், மறுபடியும் ஓட்டு நடத்துவது என்று.

ஒன்றியச் செயலாளருக்குப் போன் போட்டேன். "பேரு மேலிடத்துக்குப் போயாச்சு. முடிஞ்சத எதுக்கு பேஜார் பண்ணிக்கினு கீற?" என்று கத்தினார். மறுஓட்டு இல்லையென்றால் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். "இன்னாவோ பண்ணு. தோத்தா உன்னைத்தான் கேப்பேன்" என்று வைத்துவிட்டார்.

வீட்டில்தான் கஷ்டம். "என் தம்பி திருடனா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு அவன் மறுபடியும் ஜெயிக்கணும்?" மச்சான் வந்து நின்றான். "உத்திரமேரூர்ல குடவோலக் கல்வெட்டு கீதே, அதுல உன் பேரயும் வெட்டணும்னு பாக்கிறியா மாமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். அவனுக்கு நான் செய்ததும் அநியாயம்தான். ஒழுங்காக ஜெயித்தவனை மறுபடியும் வரிசையில் நிற்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பால் சொசைட்டிக்கு எதிரே உள்ள காலி இடத்தில் மேசை போட்டோம். டீக்கடையில் பிஸ்கட் போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் ஜாடியைக் கழுவி வாங்கி வந்தேன். உள்ளே விழுகிற ஒவ்வொரு சீட்டும் வெளியே தெரிந்தது. நான் ஓட்டுப் போடவில்லை. எண்ணவும் இல்லை. பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் எண்ணினார்கள். ஒவ்வொரு சீட்டையும் விரித்துக் கூட்டத்துக்குக் காட்டிப் பேரை உரக்கப் படித்தார்கள். போன முறை வராத சிலரும் வந்திருந்தார்கள். காலனித் தெருவிலிருந்து, கட்சியில் உறுப்பினராக இல்லாததால் ஓட்டு இல்லாதவர்கள்கூட வந்து கடைசிவரை நின்றார்கள்.

அந்தப் பெண் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

"உன் ஓட்டப் போட்டிருந்தா சமமா வந்திருக்கும்" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன்.

மச்சான் கட்சியை மீறித் தனியாக நின்றுவிடுவான் என்று ஊரே எதிர்பார்த்தது. பிரச்சாரம் ஆரம்பித்த மூன்றாம் நாள் மினி லாரியில் மைக் கட்டிக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், "தோத்தவன் வூட்ல குந்திக்கினு இருந்தா இன்னும் அசிங்கம். அதான் வந்தேன்" என்றான். பிரச்சாரம் முடியும்வரை அவனே வண்டி ஓட்டினான்.

அந்தப் பெண் தேர்தலில் தோற்றார். கொஞ்சம் ஓட்டுதான் வித்தியாசம். எங்கள் தெருக்காரர்கள் சிலர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேறு சின்னத்தில் குத்தினார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒன்றியச் செயலாளர் போனில், "உன் மச்சான நிறுத்தியிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றார். இருக்கலாம். ஆனால் நான் வருத்தப்படவில்லை. யார் நிற்பது என்று அந்த ஜாடியைச் சுற்றி நின்றவர்கள் முடிவு செய்தார்கள். அதைத் திருப்பி வாங்க எனக்கு உரிமை இல்லை.

அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் காலனித் தெருவிலிருந்து பதினைந்து பேர் புதிதாக வந்தார்கள். அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்து, "அண்ணா, அடுத்த வாட்டியும் நான் நிப்பேன்" என்றார்.

பின்னாலிருந்து மச்சான், "நானும் நிப்பேன்" என்றான்.

இரண்டு பேரும் ஓட்டுக்கு வரட்டும் என்றேன். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டைப் பொது இடத்தில், பகலில், எல்லார் முன்னாலும் எண்ண வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதினேன். முதல் கையெழுத்து நான் போட்டேன். பிறகு நோட்டை அவர்கள் இருவரிடமும் நீட்டினேன்.