வடிக்காத மா

அந்தக் கூழைக் கெடுத்தவள் நான்தான். என் மருமகள் அல்ல. ஆறு வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுக் கூழ் முப்பது வருடமாக என் கையால்தான். நிரோஜா மருமகளாக வந்து முதன்முறை காய்ச்சிய அன்று, என் கணவர் பனையோலைப் பிளாவை இரண்டாம் முறையும் நீட்டினார்.

"இண்டைக்குத்தான் உப்பும் உறைப்பும் அளவா இருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது... அறுபதைத் தாண்டிய என் நாக்குக்கு உப்பும் உறைப்பும் பிடிபடாமல் போயிருந்தன. நான் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன். இவர்கள் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கியிருக்கிறார்கள். அவளுடைய கூழ் எனக்குச் சப்பென்றிருந்தது. வீடோ அதைத்தான் திரும்பக் கேட்டது. இருபத்தாறு வயதுப் பெண்ணின் நாக்கைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன்.

உடுப்பிட்டியிலிருந்து அவளுடைய தாய் தகப்பன் முதன்முதலாக எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள். காய்ந்த பனங்கிழங்கை இடித்தெடுத்த ஒடியல் மாவை ஊறவைத்து, கசப்புத் தண்ணீரை வடிக்கும் வேலையை அவள் என்னை நம்பி விட்டிருந்தாள். ஊறவைத்தேன்... வடிக்கவில்லை. அப்படியே கலக்கிக் கொடுத்தேன்.

"மாமி, மா வடிச்சாச்சோ?"

"ஓம் பிள்ளை, ரெண்டு தரம் வடிச்சனான்."

மாவைப் பானையில் விட்டுக் காய்ச்சி ருசி பார்த்தவளின் முகம் கறுத்துப்போனது. பழப்புளியை இன்னும் கரைத்து விட்டாள். எடுபடவில்லை. அவளுடைய தகப்பன் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பிளாவை மெல்லக் கீழே வைத்தார்.

"குறை நினையாதேங்கோ, பிள்ளை பழகிடும்" என்றார் என்னிடம்.

நான் சிரித்தேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

"எனக்குக் கூழ் சரிவராது மாமி, நீங்களே காய்ச்சுங்கோ" என்று அன்றைக்கு ஒதுங்கியவள்தான். நான் கேட்டது கிடைத்துவிட்டது அல்லவா?

இல்லை... பானையை இறக்குமுன் ஒவ்வொரு முறையும் அவள் குசினிக்குள் வருகிறாள். அகப்பையில் கொஞ்சம் எடுத்து ருசி பார்க்கிறாள்.

"உப்புக் காணும் மாமி, இனிப் போடாதேங்கோ" என்கிறாள், வெளியே ஒருவருக்கும் கேட்காதபடி.

உப்பை அள்ளிய கையை நான் இழுத்துக்கொள்கிறேன். ஏன் இதைச் செய்கிறாள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"உன்ரை பழைய கை திரும்பிட்டுது" என்று என் கணவர் பிளாவை நீட்டுகிறார். நான் வார்க்கிறேன். எனக்கு அது இன்னும் சப்பென்றுதான் இருக்கிறது.