பட்டு ஜாக்கெட்டுக்குப் பனியன் அளவு

திருப்பூர் பனியன் கம்பெனியில் உடுப்புகளின் அளவைச் சரிபார்ப்பது என் வேலை. தம்பி கல்யாணத்தில் அக்காவாக இணைச்சீர்ச் சடங்கு செய்ய, ஆன்லைனில் ரெடிமேட் பட்டு ஜாக்கெட் வாங்கினேன். எனக்குக் கச்சிதமான டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து, கம்பெனியில் செய்வதுபோலவே அளந்து, அந்த அளவையே தேர்ந்தெடுத்திருந்தேன்.

மண்டபத்தில்தான் முதன்முதலாகப் போட்டேன். ஹூக் மாட்டவில்லை. பனியன் துணி உடம்போடு நீளும், பட்டு நீளுமா? தையலைப் பிரித்துவிட உள்ளே துணியும் இல்லை. மாற்று ஜாக்கெட்டும் கொண்டுவரவில்லை.

"மூச்சை இழுத்துப் புடி கண்ணு" என்று அம்மா மல்லுக்கட்டினார். வெளியே, "ஏனுங்க, அக்கா வந்தாத்தானுங்க சீரு ஆரம்பிக்கும்" என்று அவசரப்படுத்தினார்கள். ஊக்குகளைக் குத்தி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு மேடையேறினேன். தம்பிமேல் அட்சதை தூவக்கூடக் கை தூக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட்டைத்தான் அளக்கிறேன். புதியது வந்த அன்றே போட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்துவிடுகிறேன்.